செவ்வாய்தோறும் செத்தவள்

ஏடகம் என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை. ஏட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆளுக்கோர் ஏடு. எல்லாம் மலைக்கு அடியில், தொள்ளாயிரம் படி இறங்கினால் வரும் காப்பறையில் கிடந்தன. ஒரு வரி திருத்த ஒரு நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். ஆகவே அடிக்கடி தேவைப்படும் ஏடுகளை மேலே முன்னறை அலமாரியில் வைத்து அங்கேயே திருத்தலாம், மாதம் ஒருமுறை கீழே அனுப்பினால் போதும் என்று ஒரு புத்திசாலி யோசனை சொன்னான். அந்தப் புத்திசாலி நான்தான். எனக்குப் பொன்னாடை போர்த்தி, ‘பிழை காண் பேரதிகாரி’ என்ற பதவியும் கொடுத்தார்கள். என் ஏற்பாட்டில் பிழை இருக்க முடியாது என்பதால், வேலையே இல்லாத பதவி என்று மகிழ்ந்திருந்தேன்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கச் சிலம்பாயி வந்தாள். அவள் கணவன் இறந்ததை யாரோ அவள் ஏட்டில் எழுதிவிட்டார்கள். ஏடகத்தில் உயிரோடிருப்பவர் வயலுக்குத்தான் மடை திறப்பார்கள். அவள் நெல்லோ மழையை மட்டும் நம்பி வாடிக்கொண்டிருந்தது. அவள் ஊருக்கு மனு நாள் செவ்வாய். செவ்வாய்தோறும் வருவாள். திருத்த மேசை எழுத்தர் மருதப்பன் அவள் கண்முன்பே ‘உயிருடன் உள்ளார்’ என்று எழுதுவார். மறுநாள் மடைக்காரர் ஆள் விட்டு ஏட்டைப் பார்த்தால் அவள் மறுபடி செத்திருப்பாள்.

விசாரணையில் இறங்கினேன். விசாரணையின்போது மனுதாரரின் ஏட்டைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மாதிரி ஏடு ஒன்றை வைத்து, மூன்று செவ்வாய் முன்னறையிலேயே காவல் இருந்தேன். பிழை வரவில்லை. நான் நுழைந்ததும் எதிரே இருந்த புகழ் மேசை எழுத்தர் தூயமணி எழுந்து கைகட்டி நின்றவர், நான் கிளம்பும்வரை உட்காரவில்லை. நல்ல பணிவு என்று குறித்துக்கொண்டேன். நான் இருந்தால் பிழை அஞ்சி ஓடுகிறது என்று அறிக்கையும் கொடுத்தேன். அமைச்சர் என் படத்தை முன்னறையில் மாட்டச் சொன்னார். படத்துக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. அடுத்த செவ்வாய் சிலம்பாயி மீண்டும் செத்தாள்.

அடுத்த ஆணையும் என் மூளையில் உதித்ததே. அலமாரிச் சாவி ஒன்று, அரசு எழுத்தாணி ஒன்று; இரண்டும் கையில் இருப்பவரே எழுதலாம். முதல் நாள் காலையே மருதப்பன் சாவியை எடுத்துக்கொண்டார், தூயமணி எழுத்தாணியை எடுத்துக்கொண்டார். எடுத்ததை வேலை முடியாமல் வைக்கக்கூடாது என்றும் நானே எழுதியிருந்தேன். இருவரும் பதினோரு நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஏடு பார்க்க வழியின்றி நாடு முழுவதும் மடைகள் மூடிக் கிடந்தன. அந்தப் பதினோரு நாளில் ஒரு பிழைகூட நேரவில்லை என்று அமைச்சர் கணக்குக் காட்ட, மன்னர் ‘பிழையற்ற ஆட்சி’ விழா எடுத்தார். விழாவில் சூட்டிய பட்டத்தை ஏட்டில் எழுத முடியவில்லை என்று தெரிந்ததும் அன்று மாலையே ஆணை ரத்தானது.

அடுத்த செவ்வாய் முழுவதும் சிலம்பாயி முன்னறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. மாலையில் என்னிடம் வந்தாள்.

“காலையில புகழ் மேசைக்காரரு என் ஏட்டைப் பாத்து ஒரு படி எழுதிக்கிட்டாரு. மத்தியானம் மருதப்பன் அய்யா ஏட்டுல என்னை உசுரோட எழுதினாரு. சாயந்தரம் புகழ் மேசைக்காரரு, ராசா பட்டத்தைத் தன் படியில சேத்து அலமாரியில வச்சிட்டு, மருதப்பன் அய்யா எழுதின ஏட்டை அடுப்புக்கு அனுப்பிட்டாரு. நடுவுல யாராச்சும் எழுதினாங்களான்னு பாக்கவே இல்ல. இதுக்கா அய்யா மூணு மாசம்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னருக்கு நாளொரு பட்டம் சூட்டுவார்கள். அதை எல்லா ஏட்டின் தலையிலும் சேர்ப்பதுதான் புகழ் மேசையின் வேலை. அதற்கும் மனுவுக்கும் ஓர் ஊருக்கு ஒரே நாள் போதும், வேலை மிச்சம் என்று இரு மேசைக்கும் ஒரே நாட்காட்டி போட்டவனும் அடியேன்தான்.

அமைச்சரிடம் ஓடினேன். வைக்கும் முன் தூயமணி பழைய ஏட்டை ஒருமுறை பார்த்தால் போதும் என்றேன். மன்னரின் புகழ் ஒரு மனுவுக்காகக் காத்திருக்காது என்றார். நாளை மாற்றலாமா என்றேன். பஞ்சாங்கத்தைப் பழிப்பதா என்றார். எதிர்த்துப் பேசியிருக்கலாம். பொன்னாடை நினைவுக்கு வந்தது. வணங்கிவிட்டு வந்தேன்.

ஆனால் அவள் நெல் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. கடைசியில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. இந்த நாட்டில் எழுதினால் அழியாதது ஒன்றுதானே. மறுநாள் மன்னருக்கு நான் ஒரு பட்டம் பரிந்துரைத்தேன்: ‘சிலம்பாயியை உயிர்ப்பித்த வேந்தர்’. மன்னர் நெகிழ்ந்துபோனார். அடுத்த செவ்வாய் அது அவள் ஏட்டின் தலையில் ஏறியது. கீழே அவள் செத்தவள்தான். மடைக்காரர் தலைப்பைப் படித்து மடையைத் திறந்தார்.

செய்தி பரவி, ஏட்டில் செத்தவர்கள் எல்லாம் அரண்மனை வாசலில் வரிசை கட்டினார்கள். நாளுக்கு ஒருவரை மன்னர் உயிர்ப்பித்தார். ஏடகத்தில் மன்னருக்கும் தேர்தல் உண்டு; அந்த ஆண்டு அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. இனியாவது பிழையைத் திருத்தலாமா என்று அமைச்சரிடம் மெல்லக் கேட்டேன்.

“திருத்திவிட்டால் மன்னர் யாரை உயிர்ப்பிப்பார், பேரதிகாரியாரே?” என்றார் அவர்.

பதில் எனக்கு நியாயமாகவே பட்டது, போன வாரம் வரை. என் அலுவலகக் காவலாளி இறந்ததை என் ஏட்டில் எழுதிவிட்டார்களாம். மருதப்பன் என் கண்முன்பே திருத்தினார். மறுநாள் நான் செத்திருந்தேன். வரிசையில் என் எண் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. இன்று காலை சிலம்பாயி புது நெல் மூட்டையோடு அந்த வழியே போனாள். என்னைப் பார்த்து நின்றாள்.

“வெளிய உக்காருங்க அய்யா, கூப்பிடுவாங்க” என்றாள்.