முறுக்கு டின்னுக்கு முப்பத்தோரு கை

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். இருபது பேர்கிட்ட "வேணுமா, வேணாமா"ன்னு கேக்கணும்.

அவ்வளவுதான். மலையைப் புரட்டுற வேலை இல்ல.

என்ன வேணுமான்னு கேக்கணும்? அதைச் சொல்லிடுறேன். நான் பகல்ல சுபாங் ஜெயாவுல ஒரு பல் கிளினிக்ல கவுண்ட்டர் வேலை. வீட்டுக்கு வந்தா கிள்ளான்ல, சுவரோட சுவர் ஒட்டி வரிசையா இருக்குற எங்க லிங்க் ஹவுஸோட பின்னால ரூம்ல, சால்டரிங் குச்சியும் கையுமா உக்காந்திருப்பேன். மூணு மாசமா மியூசிக் கண்ட்ரோலர் ஒண்ணு செஞ்சேன். தீபாவளி முறுக்கு டின்தான் பாடி. மேல எட்டு ரப்பர் பட்டன், பழைய சிலிப்பரை வெட்டி ஒட்டினது. ஓரத்துல நாலு திருகு.

இது தனியா ஒண்ணும் வாசிக்காது. லேப்டாப்ல மாட்டணும். பட்டனைத் தட்டினா லேப்டாப்ல உறுமி கேக்கும், தவில் கேக்கும், எது வேணுமோ அது கேக்கும். திருகினா சத்தம் ஏறும், இறங்கும்; கோரஸ் திருகைத் திருகினா ஒரு சத்தம் பல சத்தமா கேக்கும். கடையில விக்கிற விலையில கால் பங்குக்கு செஞ்சு குடுக்கலாம். எனக்கு ஒரே பெருமை!

என் வீட்டுக்காரர் குணாவுக்குத்தான் பெருமை இல்ல. அவர் ஃபிளவர்ஹார்ன் மீன் வளக்குறவர். பின்னால ரூம்ல பெரிய தொட்டி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

"விஜி, இதை யாராச்சும் வாங்குவாங்களா?"ன்னாரு.

"வாங்குவாங்க!"

"சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள இருபது பேரு கை தூக்கட்டும். ரூம் உனக்கு. இல்லன்னா என் மீனுக்கு."

"டீல்!"ன்னேன். யோசிக்காம பேசுறதுதானே எனக்கு கைவந்த கலை.

வெள்ளிக்கிழமை டின்னை கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போனேன். கூட வேலை செய்யுற பொண்ணு ஆசையா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு."

"வேணுமா உனக்கு?"

"உள்ள முறுக்கா, அதிரசமா?"

விளக்கிச் சொன்னேன். முகமே வாடிப் போச்சு பாவம். முதல் நாள் கணக்கு, சைபர்.

சனிக்கிழமை பசியாறிட்டு கோலாலம்பூர் கிளம்பினேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல பாட்டு, தபேலா, கீபோர்டுன்னு சொல்லிக் குடுக்குற இடங்க இருக்கே, அங்க வரவங்களுக்குப் புரியும்னு ஒரு நம்பிக்கை. ஒரு கிளாஸுக்கு வெளியில, அஞ்சடி நடைபாதையில, ரெண்டு கையிலயும் டின்னைப் பிடிச்சுக்கிட்டு, முகத்துல சிரிப்போட நின்னேன்.

வேட்டி கட்டின ஒரு அங்கிள் வந்தாரு. டின்னைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. பாக்கெட்ல இருந்து ஒரு ரிங்கிட், அதான் ஒரு வெள்ளி நோட்டை எடுத்து, நாலா மடிச்சு, ஒயர் போறதுக்கு நான் வெட்டி வச்ச ஓட்டைக்குள்ள சொருகினாரு!

"எந்தக் கோயில் திருப்பணி மா?"

"அங்கிள், இது மியூசிக் கண்ட்ரோலர்!"

"நல்லா நடக்கட்டும் மா"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டு நடையைக் கட்டிட்டாரு.

அவரைப் பாத்து பின்னால வந்த ஒரு ஆன்டியும் சில்லறை போட்டாங்க. அதைப் பாத்து இன்னொருத்தர். அரை மணி நேரத்துல என் இசைக்கருவி உண்டியலாயிடுச்சு. குலுக்கினா நல்லாவே சத்தம் வந்துச்சு, லேப்டாப்பே தேவையில்ல! எல்லாத்தையும் ஸ்க்ரூடிரைவரால நோண்டி எடுத்து, பக்கத்துக் கோயில் உண்டியல்ல போட்டுட்டு ரயில் ஏறினேன். கை தூக்கினவங்க இன்னமும் சைபர்.

வீட்டுக்கு வந்தா குணா ஹால்ல டேப்பை வச்சு தொட்டியை அளந்துக்கிட்டு இருக்காரு.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. எங்க குடியிருப்பு, அதான் எங்க தாமானோட வாட்ஸ்அப் குரூப்! நாலு தெரு தமிழ் ஆளுங்க அத்தனை பேரும் அதுல இருக்காங்க. உடனே தட்டினேன்.

"வீட்லயே செஞ்ச மியூசிக் கண்ட்ரோலர். விலை ரொம்ப குறைவு. நம்ம தாமான்ல யாருக்கெல்லாம் வேணும்? கை தூக்குங்க. நாளைக்கு சாயந்தரம் டேவான் ஹால்ல செஞ்சு காட்டுறேன்."

படமும் போடலாம்னு பாத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கதை கண்ணு முன்னால வந்துச்சு. டின்னைப் பாத்து இவங்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி அனுப்பிட்டா? படம் வேணாம்னு விட்டுட்டேன்.

இங்கதான் மக்களே நான் குழியில விழுந்தேன்.

முதல்ல பக்கத்து வீட்டு தேவி அக்கா. "எனக்கு ஒண்ணு. அவசரம்."

அவசரமா! தேவி அக்காவுக்குள்ள இப்படி ஒரு கலைஞியா!

அடுத்தது தாமான் சங்கத் தலைவர் ராமு அங்கிள். "எத்தனை வீடு தள்ளி வேலை செய்யும்?"

"ஒயர் போற தூரம் வரைக்கும் அங்கிள்."

"அப்ப நீளமா ஒயர் போடு மா."

இன்னொருத்தர் கேட்டாரு, "பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாம போடலாமா?"

"தாராளமா! ஹெட்போன் மாட்டிக்கிட்டா யாருக்கும் தெரியாது!"

அதுக்கு ஆறு பேரு ஹார்ட் போட்டாங்க.

"கல்யாண மண்டபத்துக்கு பெரிய சைஸ் இருக்கா?"

மண்டபத்துல வாசிக்கக் கேக்குறாங்க! எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

"போலீஸ் பெர்மிட் ஏதும் எடுக்கணுமா?"

"கலைக்கு எதுக்குங்க பெர்மிட்?"ன்னு பதில் போட்டேன். கொஞ்ச நேரம் குரூப்ல யாரும் ஒண்ணும் பேசல. என் வார்த்தையில உருகிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

சாப்பிட்டு எழுந்து பாத்தா என் மெசேஜுக்கு அடியில முப்பத்தோரு கை! குணா ஃபோனை வாங்கி ரெண்டு தடவை எண்ணிப் பாத்தாரு. அப்புறம் தொட்டிகிட்ட போய், "மன்னிச்சிரு டா"ன்னு மீன்கிட்ட சொன்னாரு. நான் பின்னால ரூமுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே தூங்கினேன்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் டேவானுக்குப் போனா, உக்கார நாற்காலி இல்ல! வருஷக் கூட்டத்துக்குக் கூட இப்படி வந்ததில்ல. தமிழ் தெரியாத எதிர்வீட்டு மிஸ்டர் லிம் வேற யாரோ சொல்லி, தோள்ல துண்டோட முன் வரிசையில உக்காந்திருக்காரு.

ராமு அங்கிள் மைக்கைப் பிடிச்சாரு. "நம்ம தாமான் மக்கள் எத்தனை வருஷமா தூக்கம் இல்லாம தவிச்சிருக்கோம்! நம்ம விஜி, ஒரு பொம்பளைப் பிள்ளை, அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு!"

இசை ஏக்கத்துல தூக்கம் இல்லாம தவிச்சிருக்காங்கன்னு நினைச்சு நான் கும்பிடு போட்டேன்.

டேவானோட பெரிய ஸ்பீக்கர்ல லேப்டாப்பை மாட்டினேன். டின்னை மேசையில வச்சேன். அங்கிள் வெளியில பாத்து கையைக் காட்டினாரு. அங்க அவரோட மருமகன் சுரேஷ், காரை, எங்க ஊரு பேச்சுல காடியை, பின்பக்கமா நிறுத்தி, டிக்கியைத் திறந்து வச்சிருக்காரு. உள்ள மீன் தொட்டி சைஸ்ல ரெண்டு ஸ்பீக்கர். பாட்டைப் போட்டாரு பாருங்க! ஜன்னல் கண்ணாடி எல்லாம் கடகடன்னு ஆடுது.

"ம்... ஆரம்பி மா!"ன்னாரு அங்கிள்.

அட, எனக்கு பக்கப்பாட்டு வேற ஏற்பாடு பண்ணியிருக்காங்களே! என்ன மனுஷங்கடா இவங்க!

கண்ணை மூடிக்கிட்டு தட்டினேன். உறுமி! டும்ம்ம்னு டேவானே அதிருது. சுரேஷ் பாட்டுக்கு ஏத்த மாதிரி தவிலையும் சேத்தேன். கைக்கு றெக்கை முளைச்ச மாதிரி இருந்துச்சு. கூட்டத்துல இருந்து சத்தம் வருது.

"கொற! கொற!"

இந்த இரைச்சல்ல என் காதுல எப்படி விழுந்துச்சு தெரியுமா? "கோரஸ்! கோரஸ்!"

கேட்டாங்களேன்னு கோரஸ் திருகை முழுசா திருகினேன். ஒரு உறுமி பத்து உறுமியாச்சு! வெளியில சுரேஷுக்கு ரோஷம் வந்துருச்சு, அவரும் ஏத்தினாரு. நானும் ஏத்தினேன். தெருவுல நின்ன காடி அலாரம் எல்லாம் ஒண்ணு விடாம கத்துது. நான் கண்ணைத் திறந்து பாத்தா, எல்லாரும் எழுந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டுறாங்க. டான்ஸ்னு நினைச்சு நானும் இடுப்பை ஆட்டினேன்.

அங்கிள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாரு. சுரேஷும் பயந்து போய் பாட்டை நிறுத்திட்டாரு.

மேல சுத்துன காத்தாடி கூட நின்னுடுச்சு.

மிஸ்டர் லிம் மெதுவா, "மெஷின் ரோசாக் ஆ?"ன்னு கேட்டாரு. மெஷின் கெட்டுப் போச்சான்னு அவருக்கே சந்தேகம்!

"ஏன் மா, பாட்டு குறையவே இல்லையே?"ன்னாரு ராமு அங்கிள்.

"எதுக்கு அங்கிள் குறையணும்?"

"இது மியூசிக்கை கண்ட்ரோல் பண்ற மெஷின்தானே?"

"ஆமா, நம்ம கையாலயே கண்ட்ரோல் பண்ணி வாசிக்கலாம்."

"வாசிக்கவா?" அங்கிள் நாற்காலியில பொத்துன்னு உக்காந்தாரு. "ஏன் மா, நான் சுகர் கண்ட்ரோலுக்கு மருந்து சாப்புடுறேன். அது சுகரைக் குறைக்குது. பிரஷர் கண்ட்ரோலுக்கு மருந்து சாப்புடுறேன். அது பிரஷரைக் குறைக்குது. உன் மியூசிக் கண்ட்ரோலர் மியூசிக்கைக் குறைக்க வேணாமா?"

ரொம்ப நியாயமான கேள்வி.

அப்பதான் மண்டையில ஏறுச்சு. எத்தனை வீடு தள்ளி, பக்கத்து வீட்டுக்குத் தெரியாம, மண்டப சைஸ்! இவங்க எல்லாரும் அடுத்தவங்க பாட்டை அடக்குற மெஷினுக்கு கை தூக்கியிருக்காங்க. யாரோட கரோக்கே, யாரோட காடி ஸ்பீக்கர், எல்லாத்துக்கும் சேத்து ஒரு ரிமோட்!

"அப்ப இதை முப்பத்தோரு வீட்ல வாங்கி வச்சா...?"ன்னு ஒருத்தர் இழுத்தாரு.

"முப்பத்தோரு பேரும் வாசிக்கலாம் அங்கிள்!"ன்னேன், இன்னும் வியாபாரத்தை விடாம.

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எல்லார் கையும் ஃபோனுக்குப் போச்சு. என் ஃபோனை எடுத்துப் பாத்தா, குரூப்ல ஒவ்வொரு கையா மறையுது. இருபத்தஞ்சு. பதினாறு. ஒம்போது. பாக்கவே பாவமா இருந்துச்சு, என்னைத்தான் சொல்றேன். மூணு மாச உழைப்பு அரை நிமிஷத்துல சைபர்!

"அக்கா, எனக்கு நிஜமாவே ஒண்ணு வேணும்!"னு வாசல்ல இருந்து சுரேஷ் கை தூக்கினாரு.

"மாப்பிள்ள, கைய இறக்குங்க"ன்னாரு அங்கிள்.

இதுக்குள்ள குணா எழுந்துட்டாரு. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம், எங்க கல்யாணத்தன்னைக்குக் கூட நான் பாக்கல. "இருபது பேரு இல்ல! பின்னால ரூம் என் மீனுக்கு!"

"என்னப்பா ரூம்?"னு அங்கிள் கேக்க, பந்தயம் கட்டின கதையை குணா முழுசா சொன்னாரு. தினமும் ரெண்டு மணி நேரம் நான் அங்க உக்காந்து தட்டுறதையும் விடல.

தேவி அக்கா எழுந்தாங்க. "நில்லு. மூணு மாசமா என் அடுப்படி சுவத்துல டொக்கு டொக்குன்னு கேக்குதே, அது நீயா?"

"ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் அக்கா தட்டுறேன்."

"ஹெட்போன் உன் காதுல லா! டின்னு என் சுவத்துல! நான் நீ மசாலா இடிக்கிறேன்னு நினைச்சேன். தெனமும் ரெண்டு மணி நேரம் இடிக்கிறாளே, ஒரு நாளாச்சும் ஒரு கிண்ணம் கறி குடுத்தாளான்னு மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுச்சு. எனக்கு அவமானம் பாதி, சிரிப்பு பாதி. டின்னுல முகத்தை மறைச்சுக்கிட்டு நானும் சிரிச்சுட்டேன், வேற என்ன பண்றது?

குணா மட்டும் காரியத்துல கண்ணா இருந்தாரு. "கவலைப்படாதீங்க அக்கா. இனிமே அந்த ரூம்ல மீன்தான். மீன் தட்டாது."

"அப்ப இவ எங்க தட்டுவா?"ன்னாரு ராமு அங்கிள்.

"முன்னால போர்ச்ல. நல்லா காத்து வரும்."

சிரிப்பு பட்டுன்னு நின்னுடுச்சு. எங்க போர்ச் எங்க பாத்து இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இடது பக்கம் ஆறு வீடு, வலது பக்கம் ஆறு வீடு, எதிர்ல மிஸ்டர் லிம். இப்பதான் பத்து உறுமி கேட்டு முடிச்ச காது எல்லாருக்கும்.

"குணா, உக்காரு"ன்னாரு அங்கிள். அப்புறம் மைக்கை எடுத்தாரு, கரண்ட் இல்லன்னு கீழ வச்சாரு. "விஜி பின்னால ரூம்லயே, கதவைச் சாத்திக்கிட்டு, உள்ள இருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

டேவான் முழுக்க கை! மிஸ்டர் லிம்முக்கு யாரோ காதுல சொன்னாங்க, அவர் துண்டையே தூக்கினாரு. தேவி அக்கா ரெண்டு கையும் தூக்கி, "டின்னுக்கு அடியில போட என் பழைய மெத்தையும் தரேன்"னாங்க. சுரேஷ் மட்டும் தூக்கல. அவருக்கு நான் போர்ச்ல வாசிக்கணுமாம்.

"இருபது என்ன, நாப்பதுக்கு மேலயே இருக்கு"ன்னு அங்கிள் எண்ணிச் சொன்னாரு. குணா தலையில கை வச்சுக்கிட்டாரு.

ஆக, ரூம் என்னுது. மெத்தையும் வந்துருச்சு.

ஒண்ணு மட்டும் கத்துக்கிட்டேன் மக்களே: பொருள் என்னன்னு காட்டாம கருத்து கேட்டா, ஜனங்க நம்மளைப் பத்தின கருத்தைச் சொல்லிடுவாங்க!