முத்திரை விழுந்த மழை

உலகில் எத்தனையோ கோட்டைகள் விழுந்திருக்கின்றன. மரக்காணம் 'முத்துவெள்ளை' உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் கணினியை மட்டும் இன்றுவரை யாராலும் வெல்ல முடியவில்லை. தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் சூர்யகலாவாலும்தான்.

சங்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விலை பேசி முடித்த உப்பு அம்பாரத்தின் மேல் செயலாளர் தனகோடி மரக்கட்டை முத்திரையை நாலு பக்கமும் அழுத்துவார். அதன்பிறகு அவர் உத்தரவில்லாமல் ஒருவரும் அதைத் தொடக் கூடாது, மழைக்குத் தார்ப்பாய் போடுவதற்குக்கூட. பாய்க்கு அடியில் கைவைத்துத் திருடலாம் அல்லவா?

இந்த மேதைமையை வானூரிலிருந்து வந்த கணினிக்காரர் தேவா இயந்திரத்துக்குள் ஏற்றினார். கணினியின் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயராம். ஒவ்வொரு கோப்புக்கும் அது ஒரு பாதுகாப்பு முத்திரை குத்தும். ஆளுக்கும் ஒரு முத்திரை உண்டு. இரண்டும் பொருந்தினால்தான் கோப்பு திறக்கும். செயலாளரே வந்து அதட்டினாலும் கெர்னல் மசியாது.

'உயர் ரகசியம்' என்ற முத்திரையை எந்தக் கோப்புகளுக்குக் குத்துவது என்று தேவா கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றார் தனகோடி. அவற்றைத் திறக்கும் தகுதி யாருக்கு என்று கேட்டபோதுதான் நிர்வாகக் குழு கூட வேண்டியதாயிற்று. தலைவருக்கு என்றதும் துணைத்தலைவர் எழுந்தார். துணைத்தலைவருக்கு என்றதும் பொருளாளர் செருப்பைத் தேடினார். கடைசியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று. சங்கத்தின் சரித்திரத்தில் அதுவே முதல் ஏகமனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, 'கனமழை எச்சரிக்கை' என்ற கோப்பு மின்னஞ்சலில் வந்து இறங்கியது. வந்த கையோடு கெர்னல் அதற்கும் உயர் ரகசியம் குத்தியது. சூர்யகலா திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. வெளியே வெட்டவெளியில், அவள் அம்மா திரௌபதியும் மற்றவர்களும் ஒரு பருவம் முழுக்க வெயிலில் நின்று வாரிய உப்பு முத்திரை விழுந்து கிடந்தது. அது லாரி ஏறினால்தான் அவர்களுக்குக் கூலி. சூர்யகலா தனகோடியிடம் ஓடினாள்.

“சார், பேர்லயே கனமழைன்னு இருக்குது. பாய் போடச் சொல்லுங்க.”

“பேரு தெரியுதும்மா. உள்ள என்ன இருக்குதுன்னு படிக்காம நான் எப்படி உத்தரவு போடறது?”

அவள் போனில் வந்திருந்த மழைச் செய்தியைக் காட்டினாள். அது வெளியார் தகவல் என்றார். சன்னலைத் திறந்து, கறுத்துக் கிடந்த வானத்தைக் காட்டினாள். முத்திரை இல்லாத எதையும் சங்கம் ஏற்பதில்லை என்றார். திரௌபதி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அம்பாரத்து முத்திரை கலைந்தால் திருட்டு வழக்குதான் என்று அவளிடம் கனிவாக எடுத்துச் சொன்னார். திரௌபதி பாயைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழைக்கு உத்தரவு தேவைப்படவில்லை. அந்தி சாய்வதற்குள் அம்பாரங்கள் கரைந்து பாத்திக்கே திரும்பின, தனகோடியின் முத்திரையும் கூடவே.

விசாரணை நடந்தது. ஒரு கோப்புகூடக் கசியவில்லை என்று தெரிந்ததும் குழு கைதட்டியது. ஒரே ஒரு குற்றம்தான் சிக்கியது. தகுதியில்லாமல் கோப்பைத் திறக்க முயல்பவர்களைக் கெர்னல் மறக்காமல் குறித்து வைக்கும். அதில் சூர்யகலாவின் பெயர் மட்டும் இருந்தது. விளக்கம் கேட்டார்கள்.

“ஆமாங்க, தொறக்கப் பாத்தேன். பாக்காம உக்காந்திருந்தவங்க பேரு அதுல வராதுங்களா?”

தனகோடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார்.

“சும்மா இருந்தா கெர்னல் அத குத்தமா எழுதாதும்மா.”