ஈயம் அண்ணாச்சியின் ஏழாவது குண்டு

உலகத்திலேயே துப்பாக்கிகளால் யாருக்கும் ஆபத்து வராத ஒரே இடம் பாளையங்கோட்டையில் ஈயம் அண்ணாச்சியின் துப்பாக்கிக் கடைதான் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். அங்கே வந்த ஒரே ஆபத்து மாடியில் குடியிருந்தது. அதாவது, நான்.

அப்போது நான் ஆயுள் காப்பீட்டு முகவர். துப்பாக்கிக் கடைக்கு மேலே இருப்பவனிடம் யார் பாலிசி எடுப்பார்கள்? வருகிறவர்கள் முதல் படியில் கால் வைப்பார்கள், கீழ்க்கடைப் பலகையைப் படிப்பார்கள், காலை எடுத்துவிடுவார்கள். வாடகை குறைவு என்று போனவன் நான். ஏன் குறைவு என்று யோசிக்கிற அளவுக்கு மூளை இருந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

அண்ணாச்சியின் நிஜப்பெயர் லைசென்ஸ் புத்தகத்தில் மட்டும் இருந்தது. துப்பாக்கி செய்யவும் ரிப்பேர் பார்க்கவும் சர்க்கார் கொடுத்த லைசென்ஸ். மலையடிவாரத்தில் வாழை போட்டவர்கள், பன்றி விரட்ட அனுமதி வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கிகளை அவரிடம் கொண்டுவருவார்கள். எல்லாம் குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். நாற்பது வருஷமாக அதே கடை, அதே ஸ்டூல்.

ஈயத்தைப் பார்த்தால் அவர் கண் வேறு மாதிரி ஆகிவிடும். புன்னக்காயலுக்கு மீன் வாங்கப் போனவர், வலையில் கட்டுகிற ஈயமணிகளைப் பை நிறைய வாங்கிக்கொண்டு மீனில்லாமல் வந்தார். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர்கள், அன்றைக்கு வெறும் ரசம் வைத்து, பையை இலைக்குப் பக்கத்தில் வைத்து, "பொரிச்சித் தரவா, குழம்பு வைக்கவா?" என்று கேட்டார்கள்.

எந்த ஈயம் கிடைத்தாலும் முதலில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் பதிந்தால், "சொக்க ஈயம்வே" என்று குழந்தையைப் போலத் தடவிக்கொடுப்பார். பதியாவிட்டால் முகத்தைச் சுளித்து, "கலப்படம்" என்பார். அதற்கப்புறம் அந்த ஈயத்துக்கு இந்த உலகத்தில் மரியாதை கிடையாது.

ஒருமுறை என் கிளை மேலாளர், என்னைத் திட்டுவதற்காகவே தூத்துக்குடியிலிருந்து காரில் வந்தார். மாடியில் அவர் முக்கால் மணி நேரம் திட்டினார். கீழே அண்ணாச்சி, கார்ச் சக்கரத்தின் விளிம்பில் பாலன்ஸுக்காக ஒட்டியிருந்த ஈயக்கட்டிகளைப் பைய நெம்பி எடுத்து, ஒவ்வொன்றாக நகம் வைத்துப் பார்த்து, எல்லாமே கலப்படம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கார் தூத்துக்குடி வரைக்கும் கரகாட்டம் ஆடிக்கொண்டே போனதாம். மறுநாள் போனில் மேலாளரின் குரலே ஆடியது.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டிய?"

"திரும்ப ஒட்டிரலாம்னுதான்வே இருந்தேன். அந்தாளு உம்மை ஏசுத சத்தம் கீழ வரைக்கும் கேட்டுது. அதைக் கேட்டதும் ஒட்ட மனசு வரல."

இப்படிப்பட்டவருக்கு அறுபது தாண்டிய பிறகு ஓர் ஆசை வந்தது. அடுத்தவன் துப்பாக்கியையே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, நமக்கென்று ஒன்று, சின்ன வாயுள்ளதாக, கையாலேயே செய்துபார்க்க வேண்டும் என்று. மனுப்போட்டு, அலைந்து, அனுமதியும் வாங்கினார்.

"வயக்காட்டுத் துப்பாக்கி வாய்க்குள்ள உம்ம பெருவெரலு போயிரும். நம்மளுது சுண்டுவெரலு கூடப் போவாது. ஒரு குண்டு, ஒரு ஓட்டை. சில்லுக்கருப்பட்டியக் கயித்துல தொங்கவிட்டு அங்கன தள்ளி நின்னு அடிக்கணும்."

"கருப்பட்டி உங்களை என்ன பண்ணிச்சு அண்ணாச்சி?"

"சும்மா கெடவும்வே, ஏஜெண்டு."

பதினோரு மாதம் ஆயிற்று. அதில் ஐந்து மாதம் குழலுக்குள் மரை இழுக்கிற வேலை. குண்டு சுழன்றுகொண்டு போக வேண்டுமாம். அதற்காக உள்ளே திருகுதிருகாகப் பள்ளம். ஒவ்வொரு இழுப்புக்கும் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கிளம்பி, நேரே மேலே வந்து என் கடைவாய்ப் பல்லில் உட்காரும். அந்த ஐந்து மாதத்தில் நான் பல் டாக்டருக்கு மூன்று முறை வாயைக் காட்டினேன். மூன்றாவது முறை அவர், "பல்லுல ஒண்ணுமில்ல, வீட்டை மாத்துங்க" என்றார்.

பிறகு குண்டு வார்ப்பு. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நகைக்கடைத் தராசில் நிறுத்து, மறுபடியும் சட்டிக்குள் போட்டுவிடுவார். "இவன் வயித்துல காத்து இருக்கு." சட்டிக்குள். "இவனுக்கு ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருக்கு." சட்டிக்குள். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைக்கூட யாரும் அவ்வளவு தட்டிக் கழித்ததில்லை. கடைசியில் ஏழே ஏழு குண்டுகள் தேறின. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பஞ்சு விரித்து, ஏழையும் அதில் படுக்கவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் சூடு. கடைக்குப் பின்னால், சோதித்துப் பார்ப்பதற்கென்றே அனுமதி வாங்கி எழுப்பிய மணல்மூட்டைச் சுவர். அதற்கு முன்னால் கயிற்றில் சில்லுக்கருப்பட்டி. நான் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, அண்ணாச்சிக்குப் பின்னால், அவர் முதுகைவிட அகலமாகத் தெரியாதபடி ஒடுங்கி நின்றேன். அவர் ஜன்னல் திட்டில் பித்தளைக் குப்பியை வைத்து மருந்தை அளந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குள் இருந்த முகவர் விழித்துக்கொண்டான். இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? சட்டைப் பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"அண்ணாச்சி, வெடிக்கதுக்கு முன்னாடி ஒரு பாலிசி போட்டிருவோமா? நாமினி யாரு?"

"நாமினியா? எம் மவதான். சாத்தான்குளத்துல கட்டிக்குடுத்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தம் கிடையாது. மருமகன், பேத்தியின் காதுகுத்து, சம்பந்தி வீட்டு மாடு என்று ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தார். படிவத்தை வாங்கித் திட்டில் வைத்தார். ஒரு குண்டை எடுத்துத் துப்பாக்கியின் வாயில் வைத்து, கம்பியால் இடித்து இறக்கினார். மருந்துக்குப் பொறி வைக்கிற 'கேப்' மூடியை மாட்டக் கையைத் தூக்கினார்.

எதிர் டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது. "அண்ணாச்சி! தேர்தல் அறிவிச்சாச்சு! டிவில சொல்லுதான்!"

அண்ணாச்சி அப்படியே கையை இறக்கிவிட்டார். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அதற்கு நாலைந்து நாள் தவணை உண்டு. அவருக்குத் தவணையெல்லாம் பிடிக்காது.

"ஒரே ஒரு சூடு அண்ணாச்சி. யாரு பாக்கப் போறா?"

"அறிவிச்சதுக்கப்புறம் சுட்டா மொறை இல்லவே. பதினோரு மாசம் பொறுத்தாச்சி, ரெண்டு மாசம் பொறுக்க மாட்டனா?"

கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த ஏழு துப்பாக்கிகளோடு புதியதையும் சேர்த்து எட்டு. ஆட்டோவில் ஏழையும் விறகுக்கட்டு மாதிரி காலடியில் அடுக்கிவிட்டு, புதியதை மட்டும் என் கையில் கொடுத்து, "கீறல் விழாமப் பிடியும்" என்றார். நான் அதை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, ஆடாமல் இருக்கத் தாடையை அதன் வாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது என் தாடையில் செல்லமாக ஒரு குத்துவிட்டது. நானும் செல்லமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரம்மா ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டினார்கள். "எல்லாம் காலிதான அண்ணாச்சி?"

"காலிதாம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் கழித்து, பகல் பதினோரு மணிக்கு, கீழேயிருந்து கூப்பாடு கேட்டது. இறங்கிப் போனால், அண்ணாச்சி கண்ணாடிக் கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறுதான்வே இருக்கு."

"எங்கயாவது உருண்டிருக்கும்."

கடையைப் புரட்டிப்போட்டோம். ஸ்டூலுக்கு அடியில், சட்டிக்குள், அவர் வேட்டி மடிப்பில். சட்டென்று அவர் நிமிர்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

"அது ஸ்டேஷன்ல, துப்பாக்கிக்குள்ளயே இருக்கு. அன்னைக்கி நான் உள்ள போட்டுக் கெட்டிச்சேன். எடுக்கல."

எனக்குத் தாடை தானாக வலித்தது. ஆட்டோவில் வழிநெடுக நான் எதன் மேல் முகம் வைத்துக்கொண்டு போனேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் பாலிசி விற்கும் எனக்குச் சொந்தமாக ஒரு பாலிசி கிடையாது என்பதும் கூடவே உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆலோசனை சொன்னேன். பேசாமல் இருந்துவிடலாம். ரெண்டு மாதம்தானே. யாரும் தொடப்போவதில்லை. காலி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது போய்ச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும், கடையை மூட வேண்டும், கேஸ் வரும். கூடவே போன என்மேலும் வரும். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடிக் கூட்டை மூடினார்.

"துப்பாக்கி வச்சிருக்க அந்த ரூமுல ஓரத்துல ஒரு பெஞ்சி கெடக்கு, பாத்தீரா? மேல ஒரு டிபன் பாக்ஸ் இருந்துச்சி. அந்த ரைட்டர் பிள்ள அங்கன உக்காந்துதான் மத்தியானம் சாப்பிடுதா."

"அண்ணாச்சி, நாப்பது வருசக் கடை."

"கடைதானவே."

உள்ளே போய்க் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் லைசென்ஸ் புத்தகம், அதன் மேல் கடைச் சாவி. திருப்பிக் கொடுக்கத் தயாராகவே கிளம்பிவிட்டார். நான் பின்னால் நடந்தேன். வீரத்தினால் அல்ல, தனியாக மாடியில் உட்கார்ந்திருக்கப் பயம்.

இன்ஸ்பெக்டர் முன்னால் புத்தகத்தையும் சாவியையும் வைத்தார். "சார், நான் தந்த எட்டுல ஒண்ணு காலி இல்ல. குண்டு கெடக்கு. தப்பு என் மேலதான்."

ரைட்டரம்மா ஒரு கணம் அந்த அறையைப் பார்த்தார்கள், பிறகு கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

"நீரே எடும் வே" என்றார் இன்ஸ்பெக்டர். "பின்னால கொண்டுபோயி. யாரும் கிட்ட போவாதீங்க."

பின்புறத்தில், பிடித்துவைத்த மணல் லாரிகள் நின்றன. ஒரு லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் எனக்கு முன்பே இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். கம்பியை உள்ளே விட்டார். அது அடிவரைக்கும் போகாமல் நின்றது.

"இருக்கு!" என்று குரல் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே சக்கரத்துக்குள் போனோம்.

நுனியில் திருகு வைத்த இன்னொரு கம்பியை விட்டு, பைய, பையப் பையத் திருகி இழுத்தார். குண்டு வெளியே வந்தது. தரையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, மருந்தைக் கொட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கவிழ்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

தட்டினார். விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். கழுவிவைத்த டம்ளர் மாதிரி இருந்தது உள்ளே. ஒரு துளி மருந்து இல்லை.

இன்ஸ்பெக்டர் லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்தார். "என்ன அண்ணாச்சி?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "மருந்து போடாம குண்டைப் போட்டுட்டேன் சார்."

முதலில் சிரித்தது ரைட்டரம்மாதான். பிறகு இன்ஸ்பெக்டர். பிறகு வேப்பமரத்துக் காக்காய் தவிர எல்லாரும். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த போலீஸ்காரரின் கையை விடாமல் பிடித்திருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார். சிரிக்காத ஒரே ஆள் அண்ணாச்சி. லைசென்ஸ் போனால்கூட அவருக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"நாப்பது வருசமா இதே தொழிலு. மருந்து போட மறந்துட்டீரு!"

"வெளிய சொல்லிராதீங்க சார்."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தையும் சாவியையும் அவர் கையிலேயே திணித்தார். "காலின்னு கையெழுத்து போட்டதுக்கு உம்மை உள்ள வச்சிருப்பேன். நீரா வந்து சொன்னீரு. போயிட்டு வாரும். இனிமே ஒவ்வொண்ணுக்குள்ளயும் கம்பி விட்டுக் காட்டிட்டுத்தான் தரணும்." ரைட்டரம்மா இன்னொரு சீட்டு எழுதினார்கள்: 'ஈய உருண்டை – ஒன்று.' எழுதிவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

திரும்பி வந்ததும் நேராக ஜன்னல் திட்டுக்குப் போனோம். என் விண்ணப்பப் படிவம் அங்கேயே கிடந்தது. எடுத்தால், அடியில் பித்தளைக் குப்பி. அளந்த மருந்து தளும்பாமல் அப்படியே இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதிலாகப் பேச்சிலேயே சாத்தான்குளம் போய்த் திரும்பி, அதை என் படிவத்தால் மூடியவர், மருந்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாக நினைத்துக் குண்டைப் போட்டிருக்கிறார். என் தொழில் வாழ்க்கையில் என் காப்பீடு உண்மையிலேயே யாரையாவது காப்பாற்றியது என்றால் அந்த ஒரு தடவைதான். அதிலும் காப்பாற்றப்பட்டது என் தாடை.

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கக் கூடாது என்று மதினி எனக்குப் பணியாரம் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாவது குண்டில் கருப்பட்டி சிதறியது. அண்ணாச்சி துப்பாக்கியைத் துடைத்து மாட்டிவிட்டு, ஸ்டேஷன் சீட்டோடு வந்த அந்த ஏழாவது குண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உம்மகிட்ட இருக்கட்டும்வே. யாரையும் ஒண்ணும் செய்யாது."

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். ஒவ்வொரு தேர்தல் அறிவிப்பு வந்த அன்றைக்கும் எனக்கு ஒரு போன் வரும். "ஏஜெண்டு, எல்லாத்துலயும் கம்பி விட்டுப் பாத்துட்டேன். நல்லாத் தூங்கும்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

குண்டு என் மேசையில் பேனாக்களுக்கு நடுவில் கிடக்கிறது. போனை வைத்த பிறகு அதை எடுத்து, அவர் செய்கிற மாதிரியே கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பேன். பதிகிறது.