ஹவெவருக்குப் பின் ஒரு காற்புள்ளி

ஒரு காற்புள்ளியைச் சாட்சியாக வைத்து, தப்பே செய்யாத ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தவன் நான். (அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. அறியாத வயசு என்று சொல்லியும் தப்பிக்க முடியாது.)

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றபின், திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கடிதங்களைத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் போராட்டமெல்லாம் ‘ஹவெவர்’ என்ற ஒரு சொல்லோடுதான். ‘ஆனாலும்’ என்ற பொருளில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அதன் பின்னால் காற்புள்ளி வேண்டும். ‘எவ்வளவுதான்’ என்ற பொருளில் வந்தால் கூடாது. இதைத் தினமும் சொன்னேன். ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடும் மெர்ச்சண்டைசர்கள் ஒன்பது பேரில் கௌசல்யா மட்டுமே கேட்டாள். (மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள்.)

ஒருநாள் ஒரு பையர், போட்டிக் கம்பெனி ஒன்று தனக்கு எழுதிய மெயிலைக் கை தவறி எங்களுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் பேசிவைத்திருந்த டி-சர்ட் ஆர்டரை அவர்களும் கேட்டிருந்தார்கள். மூன்றாவது பத்தியில் ‘ஹவெவர்’. அதன் பின்னால், சுத்தமாக, ஒரு காற்புள்ளி.

திருப்பூரில் அந்த இடத்தில் காற்புள்ளி வைப்பவர்கள் இரண்டே பேர் என்பது என் முடிவு. அதில் ஒருவன் நான்.

அன்றிலிருந்து கௌசல்யாவை நோட்டம் விட்டேன். அவள் போனில் சிரித்தால் குறித்துக்கொண்டேன். டீ நேரத்தில், பைக்கில் வந்த ஒருவனிடம் அவள் ஒரு கவரைக் கொடுத்ததைத் துணி ரோல்களுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி ஏழு தும்மல். அவளே ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். (குற்ற உணர்ச்சி என்று அதையும் குறித்துக்கொண்டேன். வந்தவன் அவள் தம்பி. கவரில் இருந்தது ரேஷன் கார்டு நகல்.)

எங்கள் ஆர்டரைப் போட்டிக் கம்பெனிக்குச் சொல்லி, மெயிலும் எழுதிக் கொடுப்பவள் அவள்தான் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அவளை அழைத்து, விவரம் வெளியே போனது அவளால் என்றால் இன்றோடு வேலை இல்லை என்றார். அவள் அழவில்லை. மெயிலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க சார், புள்ளி மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்களா? முழு மெயிலும் உங்களுதுதானுங்களே.”

இந்த ஊர் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறும்போது பழைய மெயில்களைப் பென் டிரைவில் எடுத்துப் போவார்கள். பெயரையும் தேதியையும் மாற்றினால் புது மெயில். அப்படி வந்த கோப்பு ஒன்றை அவள் திறந்தாள். நாற்பது கடிதங்கள். கல்லூரியில் இருந்தபோது, மாலை நேரங்களில் வேறொரு கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்தவை. ‘எழுதியவர்’ என்ற இடத்தில் என் பெயரே இருந்தது. பாதி ஊரிடம் இது இருக்கிறது என்றாள்.

முதலாளி பையருக்குப் போன் போட்டார். அதே ஆர்டருக்கு நான்கு கம்பெனிகளிடம் கேட்டிருந்ததாக அவர் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

“அப்ப உங்களைத்தானுங்க வாத்தியாரே நிறுத்தோணும்” என்றார் முதலாளி.

மறுநாள் மற்ற எட்டுப் பேர் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாலீங்க சார். ஆனா உங்க கண்ணு முன்னால இனி நிம்மதியா ஒரு போன் பேச முடியாதுங்க” என்றவள், அந்த மாதமே விலகினாள். என்னால் முடிந்தது ஒரு நற்சான்றுக் கடிதம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

அதுவும் அவளுக்கு எதிராகவே திரும்பியது. மண்ணரையில் ஒரு கம்பெனி, கடிதம் போலி என்று அவளுக்கு வேலை தராமல் நிறுத்தி வைத்தது. ஓடினேன். “இத்தனை சுத்தமா எழுத இந்தப் பக்கம் ஆளில்லீங்களே. அந்தப் பொண்ணே எங்கயாச்சும் காப்பி அடிச்சிருக்குமுங்க” என்றார் மேலாளர். தன் எதிரிலேயே அரைப் பக்கம் எழுதிக் காட்டச் சொன்னார். இரண்டு இடத்தில் அடித்து எழுதினேன். கௌசல்யா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை கிடைத்தது.

வெளியே வந்ததும், “எப்படி இருந்துதுங்க சார்?” என்றாள்.

“திருடனைப் பாக்குற மாதிரியே பாத்தாரு கண்ணு.”

“எனக்கு ஒரு மாசம் அப்படித்தானுங்க இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டில் இப்போதும் ஏதாவது காணாமல் போய் நான் யாரையாவது ஒரு மாதிரி பார்த்தால், என் மனைவி சொல்வாள்: “பாத்துங்க, கடைசீல நீங்களே எழுதுனதா இருக்கப் போகுது.”