திரைக்குப் பணிமூப்பு

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையின் எடையும் ஈரப்பதமும் கணினித் திரையில் விவசாயியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அரசு திருவுளம் கொண்டது. திரை எரியும்வரை ஒரு மூட்டைகூட எடை போடக் கூடாது என்றும் சேர்த்தே உத்தரவிட்டது. அப்போது அறுவடை முடிந்து நெல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது.

அதற்கான மென்பொருளை எழுதியவர்கள் மன்னார்குடி செம்மொழியும் அவள் கூட்டாளி ஃபாஜிலும். வேலை முடிந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. கணினி எதையும் திரையில் வரைந்து காட்ட அடியில் ஓர் ஏற்பாடு வேண்டும். அதில் இரண்டு வகை: பழையது எக்ஸ், புதியது வேலண்ட். செம்மொழி வேலண்ட் கட்சி, ஃபாஜில் எக்ஸ் கட்சி. ஒரே மேசையில் டீ குடித்துக்கொண்டே இணையக் குழுவில் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்தார்கள். விவகாரம் உயர்மட்டத் தேர்வுக் குழுவுக்குப் போனது.

குழுத் தலைவர் வீரையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எக்ஸுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"நாப்பதைத் தொடுதுங்க சார்," என்றான் ஃபாஜில்.

"அப்ப ஜூனியரை எப்படிம்மா மேல உட்கார வைக்கிறது? நாளைக்கு எக்ஸ் கோர்ட்டுக்குப் போனா?"

"எக்ஸ்ல திரையில ஒரு ஜன்னல்ல டைப் அடிக்கிறதை இன்னொரு ஜன்னல் எட்டிப் பாக்கலாம் சார். வேலண்ட் விடாது," என்றாள் செம்மொழி.

வீரையன் முகம் வாடியது. "பக்கத்து மேசையில என்ன நடக்குதுன்னு தெரியாம ஆபீஸ் எப்படிம்மா நடக்கும்?"

கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்த செம்மொழியை வலங்கைமானிலிருந்து அவள் அம்மா அம்சம் போனில் பிடித்துக்கொண்டாள்.

"நெல்லு கல்லாட்டம் காஞ்சு கெடக்கு. கடிச்சா டக்குனு உடையுது. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. எதையாவது ஒண்ணைப் போட்டுத் தொலையேன்டி!"

"அப்படிப் போட முடியாதும்மா. வருங்காலத்தை யோசிக்கணும்."

"அது வர்றதுக்குள்ள மழை வந்துரும்டி."

அடுத்த கூட்டத்தில் வீரையன் தீர்ப்பளித்தார். பழையவர் ஓய்வு பெறுவார். ஆனால் புதியவருக்குள்ளேயே ஆலோசகராகத் தொடர்வார். செம்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எக்ஸ்வேலண்ட் என்ற பெயரில் அப்படியொரு ஏற்பாடு உண்மையிலேயே இருந்தது. ஃபாஜில்கூடத் தலையாட்டிவிட்டான். அன்றைக்கே திரையை எரியவிட்டிருக்கலாம்.

"ஒட்டுப்போட்ட வேலைக்கு என் பேரைப் போடாதீங்க சார். சுத்த வேலண்ட்தான் வேணும்," என்றாள் செம்மொழி. ஆட்சேபணையைப் பத்தி பத்தியாக எழுதிக் கொடுத்தாள். குழு அதைப் பரிசீலிக்கத் துணைக்குழு அமைத்தது. துணைக்குழு கூடிய அன்று மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் அம்சத்தின் நெல் ஊறியது, ஓரத்தில் முளைவிட்டது.

மழை விட்டதும் துணைக்குழு சுத்த வேலண்டுக்கே ஒப்புதல் தந்தது; செம்மொழி ஜெயித்தாள். வலங்கைமான் நிலையத்தில் பொன்னாடைகளோடு திறப்பு விழா. மென்பொருள் எழுதியவரின் அம்மா என்பதால் முதல் மூட்டை அம்சத்துடையது. வீரையன் பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது.

'ஈரப்பதம் அதிகம். நெல் ஏற்கப்படாது.'

"அடேயப்பா, என்ன தெளிவு!" என்று வீரையன் கைதட்டினார். ஊழியர்கள் தட்டினார்கள். வரிசையில் நின்ற விவசாயிகளும், எதற்கும் இருக்கட்டும் என்று தட்டினார்கள். ஃபாஜில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஒத்துக்குறேன், எழுத்துல துளி நடுக்கம் இல்ல," என்றான்.

அம்சம் மகளைப் பார்த்தாள். செம்மொழி திரையருகே குனிந்து, எழுத்துகளின் ஓரம் எவ்வளவு வழவழப்பாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.