மாப்பிள்ளைக் குருவிக்கு மூன்று பெண்டாட்டி

"இந்த வருஷம் இந்த வீட்டுல குஞ்சு பொரிக்குது! பொரிக்க வெக்கிறேன்!"

என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே அறிவித்தார். வாய் நிறைய நுரை. ஆனாலும் கம்பீரத்துக்குக் குறைவில்லை.

சாப்பாட்டு மேசையில் இருந்த மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குருவியாவது பொரிக்கட்டும்" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். குழந்தை இல்லை. மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது. என்னை ஊசியால் குத்தினார்கள், குழாய் விட்டார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூன்று பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில் பீரோவுக்குள் இருக்கின்றன. இனி வீட்டுக்காரரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மூன்று டாக்டர்களும் சொன்னார்கள். வீட்டுக்காரர் வரவில்லை.

"எனக்கு என்னடி குறை?"

அவ்வளவுதான் பரிசோதனை. முடிவும் அதிலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து குறை என் பேரில் இருக்கிறது.

அவருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். கண்ணாடி பாட்டில் ஆலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்க பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் டம்ளர், தட்டு, நான்.

குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன அறை ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்குத்தான் வலை அடித்து ஃபின்ச் குருவிகளை விட்டார். ஒரு ஆண், ஒரு பெட்டை. ஆண் குருவிக்குக் கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், சிவந்த மூக்கு, மார்பில் கோடு. பொம்மை ஊதல் மாதிரி விடாமல் கத்தும். அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார் மாமியார். பெட்டை வெறும் சாம்பல் நிறம். அதற்கு மருமகள் என்று பேர். வேறென்ன வைப்பார்?

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. கதவு திறந்து பறந்துவிட்டால்? பூனை வந்தால்? தினை உமி பறந்து என் தையல் துணியில் ஒட்டினால்? மற்றது எதுவும் நடக்கவில்லை. உமி மட்டும் ஒட்டியது.

மருமகள் ஐந்து முட்டை இட்டாள். ஆறாம் நாள் என் கணவர் பட்டப்பகலில் ஜன்னலை எல்லாம் சாத்தினார். சின்ன டார்ச்சின் முனையில் முட்டையை வைத்தார். கருவிருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியுமாம்.

"காலி" என்றார். அடுத்ததை எடுத்தார். "காலி." ஐந்தும் காலி.

"பெட்டை சரியில்லை."

"எப்படிங்க தெரியும்?"

"முட்டை யாரு போட்டது? பெட்டை. முட்டை காலி. அப்ப குறை யார்கிட்ட? இதுக்குக் காலேஜா போகணும்? எட்டாங்கிளாஸே போதும்."

நான் ஏழோடு நின்றவள். அதனால் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

மறுநாளே கடைக்குப் போய்ப் பெட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"குருவிங்க வீட்டுல எவ்வளவு சுலபம் பாத்தியா? சரியில்லன்னா குடுத்துட்டு வேற கூட்டிட்டு வந்துடலாம்."

"அத்தை, கீரை அடுப்புல இருக்கு."

"நான் குருவியைச் சொன்னேன்மா."

இரண்டாவது மருமகள் வந்தாள். நான்கு முட்டை. நான்கும் காலி. மூன்றாவது மருமகள் வந்தாள். ஐந்து முட்டை. ஐந்தும் காலி. மாப்பிள்ளைக்கு மட்டும் உபசாரம் குறையவில்லை. அவித்த முட்டை, சத்து மருந்துச் சொட்டு, கொறிக்கக் கணவாய் மீன் ஓடு. என் கணவருக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை என்று மாமியார் சொன்னார்.

மூன்றாவது மருமகளைத் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அவருக்கு ஆலையில் கூடுதல் ஷிப்ட்.

குருவிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கக்கா. இதையும் தள்ளி வெச்சுட்டாரா சார்? அங்க பாருங்க, மேல் கூண்டுல. சார் முதல்ல திருப்பிக் குடுத்த பெட்டைதான் அது. வேற ஆணோட விட்டேன். அஞ்சு குஞ்சு. எல்லாம் தனியா தின்னுதுங்க."

பார்த்தேன். மூத்த மருமகள்தான். என்னைப் பார்த்து ஒரு சத்தம்கூட இல்லை. அவளுக்கு என்ன, நிரூபித்துவிட்டாள்.

"அப்ப எங்க வீட்டு ஆண்கிட்டதான் குறையா தம்பி?"

"அப்படியும் சொல்ல முடியாதுக்கா. உக்கார்ற குச்சி ஆடுதா பாருங்க. ஆடினா, ஆண் மேல ஏறும்போது வழுக்கிடும். முட்டை வரும், உயிர் வராது. பாதிப் பேரு வீட்டுல இதான் கதை. ஒரு திருகு இறுக்கினா போதும்."

வீட்டுக்கு வந்து குச்சியைத் தொட்டுப் பார்த்தேன். ஆடியது. என் கணவர் தன் கையாலேயே அடித்த குச்சி. இரண்டு பக்கம் போட வேண்டிய திருகை ஒரு பக்கம் போட்டுவிட்டு, மறுபக்கத்தைச் சும்மா வலையில் சொருகியிருந்தார். திருப்புளி என் தையல் மெஷின் டிராயரில்தான் கிடந்தது. இரண்டு நிமிஷ வேலை.

நான் இறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பொருள் பழுதாகி, அது எனக்குப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான். பிறகு யோசித்துப் பார்த்து, டிராயரைத் திறந்து, இருந்த ஒரு திருகையும் அரைச் சுற்று தளர்த்தினேன்.

மறுநாள் கடைக்குப் போய் மூத்த மருமகளை இரவல் கேட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றுமுன் ஆரம்பித்தேன்.

"என்னங்க, உங்க ஆலை விஷயம் ஒண்ணு கேக்கணும். மூணு பாட்டில்லயும் ஒரே இடத்துல கீறல் இருந்தா என்ன செய்வீங்க?"

அவர் உற்சாகமாகிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பாட்டிலைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"பாட்டிலைப் பாக்கவே மாட்டேன். நேரா அச்சைக் கழட்டச் சொல்லுவேன். ஒரே அச்சுல ஊத்தினது மூணும் கீறல்னா, குறை அச்சுலதான். இதெல்லாம் புதுப் பசங்களுக்குத் தெரியாது."

"பெட்டை மூணு. முட்டை எல்லாம் காலி. ஆண் மட்டும் ஒண்ணேதான்."

அவர் கை சட்டைப் பொத்தானிலேயே நின்றது. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இது மூத்த பெட்டைங்க. நீங்க தள்ளினது. கடையில அஞ்சு குஞ்சு பொரிச்சிருக்கு. திரும்ப உங்க மாப்பிள்ளையோட விடுவோம். பொரிச்சா, குறை என்கிட்டதான்னு அத்தை முன்னாடி என் வாயாலயே சொல்றேன்."

"குருவிக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்?"

"பொரிக்கலன்னா நீங்க லேபுக்குப் போகணும். ஒரே ஒரு டெஸ்ட்."

"இந்த வயசுல எதுக்குடி டெஸ்ட்?"

"குழந்தைக்கு இல்லைங்க. மஞ்சள் பைக்கு. அதுல என் காகிதம் மட்டும் தனியா இருக்கு."

"ஒத்துக்கடா!" என்றார் மாமியார். "என் புள்ளைக்கு என்ன பயம்? மாப்பிள்ளைக்குத்தான் என்ன பயம்?"

அவர் ஒத்துக்கொண்டார். அம்மா முன்னால் வேறு வழி?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. அந்தக் குச்சி என் நெஞ்சுக்குள் ஆடியது. மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றப் போனவர் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஏய்! இந்தக் குச்சி ஆடுதே!"

எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

"ஆடணும்ங்க" என்றேன். "மரத்துல கிளை ஆடாதா? குருவிக்கு அதுதான் இஷ்டமாம். நீங்க அதெல்லாம் யோசிச்சுத்தான் அப்படி அடிச்சிருப்பீங்கன்னு கடைக்காரர் சொன்னார்."

குச்சியை அவர் ஒருமுறை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஆமா" என்றார். "யோசிச்சுத்தான் அடிச்சேன்."

விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

மூத்த மருமகள் நான்கு முட்டை இட்டாள். ஆறாம் நாள் ஜன்னலைச் சாத்தினார். மாமியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார்.

காலி. காலி. மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலி. நான்காவதை டார்ச்சில் வைத்து, டார்ச்சைத் தட்டி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி வைத்தார். பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு நரம்பு இல்லை.

"அச்சுங்க" என்றேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். வலைக்குள் மாப்பிள்ளை பாவம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதனிடம் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்த வாரம் லேபுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நடுவழியில் இறங்கிவிடுவாரோ என்று கவலை. இரண்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. அதில் பாதி எழுத்து எனக்குப் புரியாது. ஆனால் உயிரணு எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய வட்டமாக ஒரு பூஜ்யம் இருந்தது. அது ஏழு படித்தவளுக்கும் புரியும்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாட்டிலைப் பார்க்கிற மாதிரியேதான். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அம்மாகிட்ட சொல்லாதே."

"என்னை அம்மா சொன்னப்பல்லாம் நீங்க ஒரு தடவையாவது வேண்டாம்னு சொன்னீங்களா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக நான் காத்திருந்த காகிதம் கையில் இருந்தது. ஜெயித்த மாதிரியே இல்லை. ஆறிப்போன சாப்பாட்டைப் பசி போன பிறகு பரிமாறின மாதிரி இருந்தது.

முதலில் டிராயரிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனேன். குச்சிக்கு இரண்டு பக்கமும் திருகு போட்டு இறுக்கினேன். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து பார்த்தது. குச்சி அசையவில்லை. மாப்பிள்ளைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதுவாவது பிழைத்துப் போகட்டும்.

பிறகு கூடத்துக்குப் போனேன். மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இதைப் பாருங்க. என்கிட்ட ஒரு குறையும் இல்லை. என்னைக்குமே இல்லை. எல்லாம் உங்க புள்ளைகிட்டதான்."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். காகிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பூஜ்யத்தில் விரலை வைத்தார். அவர் கண் கலங்கியதைக்கூடப் பார்த்தேன். கிட்டப் போய் உட்காரலாமா என்றுகூட நினைத்தேன்.

காகிதத்தை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்த புள்ளை! இருபத்திரண்டு வருஷமா யாரு கையால சாப்பிடறான்?"

படுக்கையறையிலிருந்து என் கணவரின் குரல், பழைய கம்பீரத்தோடு, வந்தது.

"நானும் அதையேதாம்மா யோசிச்சிட்டு இருந்தேன்."