வாத்துக்குக் காட்டிய கை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வணக்கம். இங்கே நான், என் மகள், உங்கள் மகன் மூவரும் சுகம். காரின் பின்பக்கம் மட்டும் சுகமில்லை. முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைக்கிறேன், நீங்களும் அவசரப்படாமல் படிக்கவும்.

என் மகள் எனக்குக் கேமரா உள்ள போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, தினமும் காலையில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் ஏரியைச் சுற்றி நடந்து பறவைகளைப் படம் எடுக்கிறேன். நாரை தங்கமான பறவை, பாங்கில் டோக்கன் வாங்கியவர் மாதிரி அசையாமல் நிற்கும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு, எடுத்துக்கொள் என்று காட்டும். வாத்துதான் படுத்துகிறது, நான் போனைத் தூக்கினால் திரும்பிக்கொள்கிறது, என்னிடம் உள்ள வாத்துப் படம் எல்லாமே வால்.

நான் காலமெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்த்தவன், என் கையைப் பார்த்து வந்த வண்டிக்குக் கீறல் விழுந்ததில்லை. அந்தப் பழக்கத்தில், போன செவ்வாய்க்கிழமை கரையோரம் வந்த பெட்டை வாத்தின் முகத்தை என் பக்கம் திருப்பலாம் என்று, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால், "வரலாம், வரலாம், லெப்டுல ஒடிச்சு வரலாம், இன்னும் இடமிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தும் வந்தது. என்னை வகுப்புக்குக் கூட்டிப்போக வந்த உங்கள் மகன் எனக்குப் பின்னால் ஒரு பக்கமாகக் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கண்ணாடியில் என் கையைப் பார்த்திருக்கிறார், மாமா கைகாட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று நம்பியிருக்கிறார். ஒரு கட்டத்தில் வாத்து நின்றுவிட்டது. கார் நிற்கவில்லை.

பின்சக்கரம் தண்ணீரில் இருக்க, அவர் இறங்கி வந்தார். "மாமா, யாருக்குக் கை காட்டுனீங்க?"

"வாத்துக்கு, மாப்பிள்ளை."

"இன்னும் இடமிருக்குன்னு சொன்னது?"

"அதுவும் வாத்துக்குத்தான்."

காரைக் கரையேற்றி வீட்டுக்குக் கிளம்பினோம். வந்ததும் போனை வாங்கி அவர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "இனிமே ஏரிப்பக்கம் வேணாம் மாமா" என்றார். நீயாவது சொல்லம்மா என்று மகளைப் பார்த்தால், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரிக்கிறாள். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது? அந்தப் பெட்டை நாணலுக்குள் அடைகாத்துக்கொண்டிருக்கிறது சம்பந்தி, இன்றோ நாளையோ குஞ்சு பொரித்துவிடும், அம்மா பின்னால் வரிசையாக முதல்முறை தண்ணீரில் இறங்குவதைப் படம் எடுக்க நானும் நாள்கணக்காகக் காத்திருக்கிறேன், இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் என்று சொல்கிற வயசா எனக்கு? அதனால் நீங்கள் அவரைக் கூப்பிட்டு, "அந்த மனுஷன்கிட்ட போனைக் குடுடா" என்று ஒரு அதட்டல் போட வேண்டும். உங்களிடம் நானே பேசலாம் என்றால் போன் அலமாரியில் இருக்கிறது. அவருடைய பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பதை நான் எழுதவில்லை.

சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டில் எல்லா நாளும் நல்ல செய்தியே வரட்டும்.

இப்படிக்கு,
பெண் கொடுத்த சம்பந்தி
(கல்யாணப் பதிவில் நீங்கள் பார்த்த கட்டைவிரல் ரேகை என்னுடையது. இது கையெழுத்து.)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை முழங்கால் வரை சேறோடு ஓடி வந்தார். தண்ணீரில் விழுந்த நம்பர் பிளேட்டைத் தேடப் போனாராம். கையில் என் போன். "மாமா, குஞ்செல்லாம் இறங்கிருச்சு. வீட்டுக்கு வந்து போனை எடுத்துட்டு ஓடினேன். நான் எடுத்தா ஒண்ணும் சரியா விழ மாட்டேங்குது, சீக்கிரம் வாங்க" என்கிறார். ஆகையால் அவரை அதட்ட வேண்டாம், தங்கமான பிள்ளை, வளர்ப்பு அப்படி. மேலே உள்ளதை நான் எழுதிப் பழகியதாக எடுத்துக்கொள்ளவும். கிழித்துப் போடலாம் என்றால், இத்தனையும் எழுதிய கைக்கு மனசு வரவில்லை. காரை அவர் எடுக்கிறேன் என்றார், நடந்தே போகலாம் என்று சொல்லிவிட்டேன்.